சவுதியில் செய்த எங்கள் வீட்டுத் தண்ணீர்

போன் திரை முழுக்க ஒரு கண்ணாடி டம்ளர் தெரிந்தது. அதற்குப் பின்னால் என் வீட்டுக்காரர் ஜாபரின் மூக்கும் ஒரு கண்ணும். டம்ளரை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிஸ்மி சொல்லி ஒரு மடக்கு குடித்தார். உடனே விழுங்கவில்லை. தங்கத்தை உரசிப் பார்க்கிற நகைக்கடைக்காரர் முகத்தோடு வாய்க்குள்ளேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

பெரம்பலூர் மாவட்டத்து லப்பைக்குடிக்காட்டில், எங்கள் அடுப்படி மேடையில் சாய்ந்து நின்றுகொண்டு நான் காத்திருந்தேன்.

"இல்ல புள்ள," என்றார்.

"என்ன இல்ல?"

"கிட்டத்துல வந்துருக்கு. ஆனா இது நம்ம தண்ணி இல்ல."

சென்ற வாரம், சிமெண்ட் ஆலை ஆய்வகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளைப் பற்றி எழுதியிருந்தேன். முக்காட்டின் மேல் ஹெல்மெட் நிற்காமல் வழுக்கியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "அப்புறம் எப்படித்தான் மாட்டினீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். ஊக்கு குத்தித்தான். முறைப்படி இந்த வாரம் இரண்டாம் நாளுக்குப் போக வேண்டும். போகவில்லை. பல வருடங்களைத் தாண்டி இப்போது நடந்ததை எழுதுகிறேன். மனசு அங்கேதான் கிடக்கிறது.

ஜாபருக்குச் சவுதியில் வேலை. கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக மாற்றுகிற பிளான்ட்டில் ஆபரேட்டர். எனக்கு செந்துறை போகும் வழியில் உள்ள சிமெண்ட் ஆலையில் கெமிஸ்ட் வேலை. கல்யாணமாகி எத்தனையோ வருடம் ஆகிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். நாங்கள் ஒரே கூரைக்குக் கீழே இருந்த நாட்களை எல்லாம் கூட்டினாலும் இரண்டு வருடம் தேறுமா என்பது சந்தேகம்.

நோன்புப் பெருநாள் முடிந்ததும் அவருடைய ஒப்பந்தம் முடிவதாக இருந்தது. இன்னும் மூன்று வருடம் நீட்டிக்கச் சம்மதமா என்று கம்பெனியில் கேட்டிருந்தார்கள். எனக்கு அவர் வர வேண்டும். வேறெதுவும் வேண்டாம். ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் சபராளிகள், அதாவது வெளிநாடு போய்ச் சம்பாதிக்கிறவர்கள். கிளம்பி வா என்று கூப்பிடுகிற பெண்ணை, குடும்பத்தின் நல்லது கெட்டது தெரியாதவள் என்பார்கள். நான் எம்.எஸ்சி. படித்தவள், ஆலையில் ஆண்களோடு சரிக்குச் சரி வாதாடுகிறவள். இந்த ஒரு விஷயத்தில் தெருவுக்குப் பயந்தவள்.

அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுது, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டுக் கூப்பிடுவார். நானும் அதற்குள் ஆலையிலிருந்து திரும்பியிருப்பேன். இருவரும் மிகுந்த அக்கறையோடு தண்ணீரைப் பற்றிப் பேசுவோம்.

டீயில் ஆரம்பித்தது

முதலில் டீ சரியில்லை என்றார். தூளை மாற்றுங்கள் என்றேன். மாற்றினார். பாலை மாற்றுங்கள் என்றேன். அதையும் மாற்றினார். பிறகு ஒருநாள், "டீ இல்ல புள்ள, தண்ணிதான்," என்றார்.

"அங்க ஊருக்கே தண்ணி குடுக்குற ஆளு நீங்க. உங்களுக்கே தண்ணி சரியில்லையா?"

"சுத்தமாத்தான் இருக்கு. அதான் பிரச்சினை. கடல்லேருந்து எல்லாத்தையும் உருவி எடுத்துட்டு, குழாய் அரிக்கக் கூடாதுன்னு கடைசியில கொஞ்சம் சுண்ணாம்பு மட்டும் போட்டு அனுப்புறோம். குடிச்சா தாகம் அடங்குது. குடிச்ச மாதிரி இல்ல. நம்ம தண்ணி ஒரு டம்ளர் கெடைச்சா போதும்."

இதற்கு ஒரு நல்ல மனைவி, "அல்லாஹ் சீக்கிரம் ஊருக்குக் கொண்டு வந்து சேர்ப்பான்," என்று சொல்லியிருப்பாள். நான், "ஏங்க, தண்ணில என்னென்ன கரைஞ்சிருக்குன்னு நான் பாத்துச் சொல்லிடுறேன். நீங்க அங்க அதப் போட்டுக் கலக்கிக்கங்க," என்றேன். எனக்கு வாய்த்த புத்தி அப்படி.

அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகு பின்வாங்கவும் முடியவில்லை.

தனிமம், சேர்மம், கலவை

எங்கள் மகள் நிஷா பள்ளிக்கூடப் பாடத்தை வீடே அதிரப் படிப்பாள். அந்த மாதம் அவள் படித்துக்கொண்டிருந்தது தனிமம், சேர்மம், கலவை. சோடியம் ஒரு தனிமம்; தண்ணீரில் போட்டால் தீப்பிடிக்கும். குளோரின் ஒரு தனிமம். மூச்சில் ஏறினால் நெஞ்சைப் பிடிக்கும். இரண்டும் சேர்ந்தால் சோற்றில் போடுகிற உப்பு. சேர்மத்தில் சேர்ந்த பிறகு பழைய குணம் யாருக்கும் இருக்காது. திரும்பப் பிரிப்பதும் லேசில்லை.

கலவை அப்படியல்ல. அவரவர் குணம் அவரவரிடமே இருக்கும். வடிகட்டியோ, வற்ற வைத்தோ, காந்தம் காட்டியோ பிரித்துவிடலாம். நிஷா இதைப் படித்தபோது நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பிரிப்பதற்கு விசா என்று இன்னொரு முறை இருப்பதைப் புத்தகத்தில் போட மறந்துவிட்டார்கள் என்று சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு எழுந்துபோனேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சுத்தமான தண்ணீர் ஒரு சேர்மம்தான். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தது. பெரம்பலூரிலும் அதேதான், சவுதியிலும் அதேதான். ஆனால் சுத்தமான தண்ணீரை நாம் யாரும் குடிப்பதில்லை. நாம் குடிப்பது ஒரு கலவை. கால்சியம், மெக்னீசியம், உப்பு, கரைந்த காற்று என்று மண்ணுக்கு மண் வேறுபடுகிற கலவை. இந்தத் தெருவில் உப்புக் கரிக்கும், இரண்டு தெரு தள்ளினால் இனிக்கும். அப்படியானால் எங்கள் வீட்டுக் கலவையைக் கண்டுபிடித்து எழுதிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

கல்லுக்குள் ஒரு கடல்

எங்கள் பக்கத்துத் தண்ணீருக்கு ஏன் இத்தனை கனம் என்று கேட்டால் கதை வெகுதூரம் போகும். அரியலூர் வட்டாரம் முழுக்க ஒரு காலத்தில் கடல். அதில் வாழ்ந்து செத்த பிராணிகளின் ஓடுகள்தான் படிந்து படிந்து சுண்ணாம்புக்கல் ஆயின. அந்தக் கல்லைத்தான் எங்கள் ஆலையில் உடைத்து, அரைத்து, சுட்டு, சிமெண்ட் ஆக்குகிறார்கள்.

சுரங்கத்திலிருந்து சோதனைக்கு வரும் கல்லில் சில சமயம் ஒரு சிப்பி முழுசாக இருக்கும். வரிவரியாக, நேற்றுத்தான் கரையில் ஒதுங்கியதுபோல. ஆய்வகத்தில் அதையும் அரைத்துத்தான் ஆக வேண்டும். கால்சியம் எவ்வளவு என்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும். சேர்ந்த புதிதில் அரைக்க மனம் வராமல் ஒன்றை எடுத்து மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். பிறகு பழகிவிட்டது.

மழைத்தண்ணீர் இறங்கும்போது கொஞ்சம் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு இறங்கும். அந்தத் தண்ணீர் பட்டால் சுண்ணாம்புக்கல் மெல்ல மெல்லக் கரையும். கரைந்ததெல்லாம் எங்கள் போர் குழாய்க்குத்தான் வருகிறது. சோப்பு நுரைக்காததற்கும், பருப்பு வேக நேரமெடுப்பதற்கும் அதுதான் காரணம்.

இதை ஜாபரிடம் சொன்னேன்.

"அப்ப நான் இங்க கடல எடுத்துட்டுத் தண்ணி தரேன். நீ அதுல மறுபடியும் கடலப் போட்டுக் குடிக்கச் சொல்ற."

"பழைய கடல்," என்றேன்.

"நல்லா இருக்கு ஒன் நியாயம்," என்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

முறைப்படி எடுத்த மாதிரி

போர் மோட்டாரைப் போட்டுத் தண்ணீரைக் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டேன். பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசினேன். காற்றுக் குமிழி நிற்காமல் விளிம்பு வரை நிரப்பி மூடினேன். படித்ததில் ஒரு எழுத்துப் பிசகவில்லை. மறுநாள் கைப்பையில் வைத்து ஆலை வேனில் கொண்டுபோனேன்.

என்னோடு வேலை பார்க்கும் தமிழரசி ஜெயங்கொண்டத்துப் பெண். என்னைவிட இளையவள், வாய் பெரிது. சாப்பாட்டு நேரத்தில் பாட்டிலை எடுத்து வைத்ததும் பிடித்துக்கொண்டாள்.

"என்னக்கா, ஆலைக்கு வூட்லேருந்தே தண்ணியா?"

சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். ப்யூரெட் என்கிற அளவுக் குழாயைக் கழுவி எடுத்து வந்தாள்.

சிமெண்டில் கால்சியம் பார்க்கிற அதே சோதனைதான். குடுவையில் தண்ணீரை எடுத்து, நிறம்காட்டும் தூள் ஒரு சிட்டிகை போட்டால் பீட்ரூட் சாறு போல் சிவக்கும். மேலிருந்து சொட்டுச் சொட்டாக மருந்தை இறக்க வேண்டும். எத்தனையோ சொட்டுக்கு ஒன்றும் ஆகாது. பிறகு ஏதோ ஒரு சொட்டில் மொத்தமும் நீலமாகிவிடும். வேலையில் எத்தனை வருடமாகப் பார்த்தாலும் அந்த நீலம் எனக்கு அலுத்ததில்லை. அன்று அது எங்கள் வீட்டுத் தண்ணீரில் வந்தபோது தமிழரசி முன்னால் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

கணக்குப் போட்டேன். சுண்ணாம்புக்கல் பொடிக்கு அவருடைய பிளான்ட்டில் பஞ்சமில்லை. வெறும் தண்ணீரில் அது கரையாது. சோடா பாட்டிலில் போட்டுக் குலுக்கி இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தால், சோடாவில் இருக்கும் கரியமில வாயு அதைக் கரைத்துவிடும். அதோடு கொஞ்சம் சமையல் உப்பு, கொஞ்சம் ஆப்ப சோடா, மெக்னீசியத்துக்கு மருந்துக்கடை பேதி உப்பு. இதையெல்லாம் பிளான்ட் தண்ணீரில் கலந்தால் எங்கள் வீட்டுக் கலவை வந்துவிட வேண்டும்.

பேதி உப்பு ஒரு சிட்டிகை என்று சொல்லியிருந்தேன். ருசி நன்றாக ஏறட்டும் என்று ஒரு ஸ்பூன் போட்டுவிட்டார். அந்த வாரம் வெள்ளிக்கிழமை அவர் கூப்பிடவில்லை. சனிக்கிழமை கூப்பிட்டு, "புள்ள, ஒன் தண்ணி என்னைய வூட்டுக்கு அனுப்பல, வேற எடத்துக்கு அனுப்பிடுச்சு," என்றார். நான் சிரித்த சிரிப்பில் மாமி, அதாவது என் மாமியார், என்னமோ ஏதோ என்று எழுந்து வந்துவிட்டார்.

தமிழரசி கேட்டது

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் ஒரு டம்ளர் திரையில் வரும். உப்புத் தூக்கல் என்பார், குறைப்போம். நாக்கில் பிடிக்கிறது என்பார், மாற்றுவோம். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இத்தனை பேசியதில்லை. கடைக்குப் போனேன், பணம் வந்தது, மாமிக்குச் சளி என்பதைத் தாண்டி எங்களிடம் பேச ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை வேனில் திரும்பும்போது, வண்டி கொஞ்சம் வேகமாகப் போனால் என்ன என்று இருக்கும்.

ஒருநாள் சாயங்காலம் வேனுக்குக் காத்திருக்கையில் தமிழரசி கேட்டாள்.

"எங்க வந்து நிக்குதுக்கா தண்ணி?"

"கிட்டத்துல வந்துடுச்சு. இன்னும் ஏதோ ஒண்ணு ஒதைக்குது."

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே. நீங்க அத சரியா செஞ்சு குடுத்துட்டீங்கன்னா, அவரு அப்பறம் எதுக்கு ஊருக்கு வரணும்?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். நானும் சிரித்துவிட்டு வேனில் ஏறினேன். வழியெல்லாம் முந்திரிக் கொல்லையும் கல் லாரிகளும் போயின. எதுவும் கண்ணில் படவில்லை. அவருக்கு அங்கே குறையாக இருந்தது ஒரு டம்ளர் தண்ணீர்தான் என்றால், அதையும் நானே தீர்த்துவைத்துக்கொண்டிருக்கிறேன். மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட அவருக்கு இனி என்ன தயக்கம் இருக்கும்?

டம்ளரின் அடியில்

நோன்பு மாதம் பிறக்கச் சில வாரம் முன்பு அவர் சாதாரணமாக ஒன்று சொன்னார்.

"இதுல டீ போட்டா மேல ஏடு மாதிரி மெதக்குது புள்ள. சுடவச்சா டம்ளர் அடியில வெள்ளையா நின்னுடுது. நம்ம வூட்ல நீ குடுக்குற தண்ணியில அப்புடி நிக்கவே நிக்காதே."

நான் தலையைத் திருப்பினேன். அடுப்பின் மேல், தினமும் குடிக்கிற தண்ணீர் காய்ச்சுகிற தேக்சா இருந்தது. அகலமான, பழைய அலுமினியப் பாத்திரம். அதன் உட்புறம் முழுக்க வெள்ளைவெள்ளையாகச் சுண்ணாம்பு ஏடு கட்டியிருந்தது. மாதம் ஒருமுறை வினிகர் ஊற்றி நான்தான் அதைச் சுரண்டுவேன்.

தண்ணீரைக் காய்ச்சினால் அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் என்ற சேர்மம் உடைந்துவிடும். கரியமில வாயு ஆவியோடு போய்விடும். சுண்ணாம்பு பாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆறவைத்து மேலாக எடுப்பது வேறு தண்ணீர். பாதிக் கனம் போன தண்ணீர். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். நான் மோட்டாரிலிருந்து முறைப்படி மாதிரி எடுத்திருந்தேன். எங்கள் வீட்டில் யாரும் குடிக்காத தண்ணீரைச் சோதித்து, மாதக்கணக்காக அவரைக் குடிக்க வைத்திருக்கிறேன்.

அது மட்டுமல்ல. இந்த வீட்டில் தண்ணீர் காய்ச்சிக் குடிக்கிற பழக்கமே நான் வந்த பிறகுதான் வந்தது. புதுப்பெண்ணாக வந்து முதல் வாரமே தேக்சாவை அடுப்பில் ஏற்றினேன். "காய்ச்சுன தண்ணி செத்த தண்ணிம்மா, அதக் குடிச்சா எப்புடி ஒடம்புல ஒட்டும்?" என்று மாமி முகம் சுளித்தார். ஜாபர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக் குடித்தார்.

பிறந்ததிலிருந்து சவுதி போகும் வரை அவர் குடித்து வளர்ந்தது பச்சைத் தண்ணீர். இருபது வருடத்துக்கு மேல் குடித்தது. நான் செய்து கொடுத்ததும் அதுதான். அதைக் குடித்துவிட்டுத்தான் இது நம்ம தண்ணி இல்லை என்றார். அவர் நாக்கு தேடியது பிறந்த ஊரை அல்ல. லீவில் வந்த அந்தச் சொற்ப நாட்களில் நான் காய்ச்சி, ஆற்றி, ஊற்றிக் கொடுத்த தண்ணீரை.

அது அவருக்கே தெரியாது. எனக்குத் தெரிந்துவிட்டது. தேக்சாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது. அதே அளவுக்குப் பயமாகவும் இருந்தது.

"என்ன புள்ள, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். நான் பாத்துட்டுச் சொல்றேன்," என்று வைத்துவிட்டேன்.

சொல்லவா, வேண்டாமா

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது. அடுத்த வெள்ளி வரும்வரை அதையேதான் யோசித்தேன். இன்னும் கொஞ்சம் உப்பைக் கூட்டு, கொஞ்சம் குறை என்று வேறு எதையாவது சொல்லி இழுக்கலாம். தண்ணீர் சரிவராத வரைக்கும் அவருக்கு இங்கே வர ஒரு காரணம் இருக்கும். ஆலையில் கல்லை அரைக்கும்போது சொல்லக் கூடாது என்று முடிவு செய்வேன். வீட்டுக்கு வந்து தேக்சாவைப் பார்த்தால் அந்த முடிவு நிற்காது.

கடைசியில் சொல்லிவிட்டேன். தாகம் என்று கேட்கிற மனுஷனிடமிருந்து தண்ணீரை ஒளித்துவைத்துத்தான் அவரை வரவைக்க வேண்டுமா? அப்படி வரவழைத்தவரை எந்த முகத்தோடு பார்ப்பேன்?

"மச்சான், தப்பு எங்கிட்டத்தான். செஞ்ச தண்ணிய நல்லாக் கொதிக்க வைங்க. ஆறட்டும். வெள்ளை அடியில நின்னதும் மேலாப்ல மட்டும் எடுத்துக் குடிங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நீங்க கேட்டது போர் தண்ணி இல்ல. நான் காய்ச்சிக் குடுக்குற தண்ணி."

அவர் எழுந்து போய்ப் பாத்திரத்தைத் தேடுகிற சத்தம் கேட்டது. கொதித்து ஆறும்வரை போனை மேசை மேல் சாய்த்து வைத்திருந்தார். எனக்கு அவருடைய அறைச் சுவரும் ஒரு நாட்காட்டியும் மட்டும் தெரிந்தன. நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டம்ளர் திரைக்கு வந்தது. பிஸ்மி சொல்லிக் குடித்தார். இந்த முறை வாயில் வைத்துப் பார்க்கவில்லை. நேராக இறங்கியது.

"இதேதான் புள்ள," என்றார். "இதேதான்."

அந்தச் சொல்லுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவள் நான். அது வந்ததும், சரி, இனி அவர் அங்கேயே இருந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். நல்லா இருக்கா, அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த வெள்ளி

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் கையில் டம்ளர் இல்லை. நிஷாவின் பரீட்சையைப் பற்றிக் கேட்டார். மாமியின் கால்வலியைப் பற்றிக் கேட்டார். பிளான்ட்டில் ஒரு பம்ப் மக்கர் செய்வதைச் சொன்னார். தண்ணீர்ப் பேச்சே வரவில்லை. நானாகக் கேட்டேன்.

"தண்ணி மறுபடி செஞ்சீங்களா?"

"இல்ல."

"ஏன், சோடா கெடைக்கலியா?"

"எல்லாம் இருக்கு. நான்தான் செய்யல."

காரணம் கேட்டேன்.

"தப்பா இருந்தப்ப தெனம் குடிச்சேன் புள்ள. இது கொறையுது அது கொறையுதுன்னு ஒங்கிட்ட சொல்றதுக்காவவே குடிச்சேன். சரியா வந்தப்பறம் குடிக்க முடியல. ஒரு மடக்கு உள்ள போனா, நீ இந்தா பக்கத்துல அடுப்படியில நிக்கிற மாதிரி இருக்கு. திரும்பிப் பாத்தா ஏசிதான் ஓடுது. மீதிய அப்புடியே கீழ ஊத்திட்டேன். பழையபடி பிளான்ட் தண்ணியே குடிக்கிறேன். அது ஒண்ணையும் ஞாபகப்படுத்தல."

அவர் ஒரே மூச்சில் இத்தனை பேசி நான் கேட்டதில்லை. திரையில் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டேன்.

"ஞாயித்துக்கெழம ஆபீஸ் தொறந்ததும் கையெழுத்துப் போடணும்," என்றார். பிறகு, "நான் வந்துடவா?" என்று கேட்டார்.

எங்கள் தெருவில் இதற்கு எல்லாப் பெண்களிடமும் பதில் தயாராக இருக்கும். என்னிடமும் இருந்தது. நிஷா படிப்பு இருக்கிறது, மாடி பாதியில் நிற்கிறது, அவளுக்கு நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சி இருக்கிறது. எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது.

"வந்துடுங்க மச்சான்," என்றேன். "எனக்கு முடியல. ரொம்ப நாளாவே முடியல."

காதிலிருந்து போனை எடுத்துப் பார்த்தேன். அவர் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வந்து என்ன பண்றது நான்? இத விட்டா வேற வேலை தெரியாதே."

"ஒண்ணும் பண்ண வேணாம். நான்தான் வேலைக்குப் போறேன்ல. காலையில வேன் ஏறிப் போயிட்டு சாயங்காலம் வந்துடுவேன். நீங்க வூட்ல இருங்க."

"தெருவுல சிரிப்பாங்க புள்ள."

"சிரிக்கட்டும். நான் வேன விட்டு எறங்குறப்ப நீங்க வாசல்ல நிக்கணும். எனக்கு அது போதும்."

ஞாயிற்றுக்கிழமை அவர் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் மாற்று ஆள் வந்து வேலை பழகும்வரை விட முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். இந்த மாதம், அடுத்த மாதம் என்று போகிறது. நான் வேனை விட்டு இறங்கும்போதெல்லாம் முதலில் வாசலைத்தான் பார்க்கிறேன்.